லெக் டே மணியும் என் பக்கெட்டும்

எல்லா வேலையிலும் வாரத்துக்கு ஒரு நாள் கழுத்தறுக்கும்; ஜிம்மில் தரை துடைக்கிறவளுக்கு அது செவ்வாய்க்கிழமை, ஏனென்றால் அன்றைக்குத்தான் எல்லாரும் காலுக்குப் பாரம் தூக்குவார்கள்.

சாலைக் கடைத்தெருவை ஒட்டி ஒரு கட்டடம், அதில் இரண்டாம் மாடி. ஆறு வருஷமாக அங்கே துடைக்கிறேன், கழுவுகிறேன், எடைத் தட்டுகளை எடுத்து அடுக்குகிறேன். படிப்பு நாலாம் கிளாஸ். அடுத்தவர் வயிற்றிலிருந்து வந்ததை அள்ளிப் பிழைக்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஆஸ்பத்திரியில், பஸ் டிப்போவில், கல்யாண மண்டபத்தில். உங்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும். சொல்ல வந்தது மகாதேவன் சாரைப் பற்றி. அவர் இப்போது இல்லை. அவர் போன அன்றைக்குக் காலையில் பக்கெட்டைப் பிடித்தது நான்தான். அதற்கு முன்னால் வேறு இரண்டு மூன்று பேரைச் சொன்னால்தான் நான் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்பது புரியும்.

ஆட்டோ கூப்பிட்டது

வேலைக்குச் சேர்ந்த முதல் செவ்வாய். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு பையன், இருபத்தைந்து வயசிருக்கும். கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு உட்காருகிறான், எழுந்திருக்கிறான், மறுபடி உட்காருகிறான். எட்டாவது தடவை முகம் வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப்போயிற்று. கம்பியை ஸ்டாண்டில் போட்டான், இரண்டு எட்டு வைத்தான், என் கால்மேலேயே வாந்தி எடுத்துவிட்டான். நான் மாப்பைப் போட்டுவிட்டு இரண்டு மாடியும் இறங்கி ஓடினேன். ஒரு ஆட்டோவை மறித்து, டிரைவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தால், அந்தப் பையன் சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான். சுற்றி நின்றவர்கள் கைதட்டுகிறார்கள்.

ஆட்டோக்காரர் மலையாளத்தில் எனக்கு நல்ல பூசை வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் அங்கே வந்தவர் போனவர் எல்லாம் நான் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடினதை நடித்துக் காட்டினார்கள். டிரெய்னர் சஜி மோசமான ஆள் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னான்: "சேச்சி இனி ஓடண்டா. இது நோய் ஒண்ணும் இல்ல, லெக் டே. பக்கெட் கொண்டு வந்தா போதும்."

மணி

மணி தொங்கவிட்டது சஜியின் யோசனை. பாத்திரக் கடையில் வாங்கின வெண்கல மணி, சின்னக் கோயிலில் கட்டலாம், அவ்வளவு பெரிசு. பாரம் எடுக்கிற ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தூணில் கட்டினான். லெக் டே அன்றைக்கு யார் வாந்தி எடுத்தாலும், எடுத்து முடித்ததும் மூன்று தடவை மணி அடிக்க வேண்டும். எல்லாரும் கைதட்டுவார்கள். சஜி வெள்ளைப் போர்டில் பெயரை எழுதுவான். மாசம் முடிந்தால் போர்டைத் துடைப்பது என் வேலை. மணி அடிக்காதவன் காலுக்கு உண்மையாகப் பாரம் எடுக்கவில்லை என்பது அங்கே சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

பல் டாக்டருக்குப் படிக்கிற ஒரு பெண் வருவாள், நாகர்கோவில்காரி, என்னோடு தமிழில் பேசுவாள். சஷ்டி விரதம். காலையிலிருந்து ஒரு வாய் கடுங்காப்பி மட்டும். அந்த வயிற்றோடு காலால் தள்ளுகிற மெஷினில் படுத்து, பக்கத்துக்கு மூன்று தட்டு போட்டுத் தள்ளினாள். முடித்து எழுந்து நின்றாள், நின்றபடியே சாய்ந்தாள். நான்தான் தலை தரையில் படாமல் தாங்கினேன். காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். அம்மாவைத்தான் கேட்பாள் என்று நினைத்தேன். போர்டைப் பார்த்தபடி என்னிடம் கேட்டாள்: "விழுந்தா மணி அடிக்கலாமா அக்கா, இல்ல வாந்தி எடுத்தாத்தானா?"

கட்டன் சாயா நிறம்

விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒரு ஆள். ஆறடி, கதவு மாதிரி இருப்பார். வீட்டில் ஏதோ காரியம் என்று நாலு மாசம் வராமல் இருந்துவிட்டு, திரும்பி வந்த முதல் செவ்வாயே பழைய எடையைத் தூக்கினார். போகும்போது படி இறங்க முடியாமல் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். எல்லாருக்கும் சிரிப்பு. லெக் டே முடிந்தால் பாதிப் பேர் அப்படித்தான் இறங்குவார்கள்.

வியாழக்கிழமை வந்தார். தொடை இரண்டும் வீங்கி, கால்சட்டை இறுகிப்போய் நின்றது. கக்கூஸ் போய்விட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்து வெளியே வந்துவிட்டார். நான் கழுவப் போனேன். பார்த்தால் பால் விடாத சாயாவின் நிறம். இந்த வேலையில் எத்தனையோ நிறம் பார்த்தாயிற்று, இதைப் பார்த்ததில்லை. சஜியிடம் சொன்னேன், விட்டமின் மாத்திரை சாப்பிட்டிருப்பார் என்றான். அந்த ஆளிடமே போய்ச் சொன்னேன். வெட்கப்பட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டினார். தசை உடைந்து ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைக்கப் பார்த்திருக்கிறது, ஆறு நாள் படுக்கப் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு எனக்கு 'டாக்டர் சேச்சி' என்று பேர் விழுந்தது. மரியாதையில் வைத்த பேர் இல்லை. திரும்பி வந்த அன்றைக்கு, பாதியாக இளைத்துப்போய், அவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "என் உடம்பப் பத்தி எனக்குத் தெரியாதது, கக்கூஸ் கழுவுற உங்களுக்கு அல்லே தெரிஞ்சுது."

மடி

மகாதேவன் சார் ஸ்ரீவராகத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டு, ஐம்பத்திரண்டு வயசு, நெற்றியில் விபூதி, கீழே அரைக்கால் சட்டை. அந்தக் கோலத்தைப் பார்த்து முதலில் நானே திரும்பிக்கொண்டு சிரித்தேன். மேலுக்கு ஒன்றும் செய்யமாட்டார். கை, மார்பு எதுவும் வேண்டாம், காலுக்கு மட்டும் சொல்லிக்கொடு என்று சஜியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு நாள் காரணம் சொன்னார். தை மாசம் மகளுக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் தாலி கட்டும்போது பெண் அப்பா மடியில் உட்கார வேண்டும். இவருடைய கல்யாணத்தில் மாமனாருக்குக் கால் மரத்து, தொடை நடுங்கி, முகூர்த்த நேரத்தில் இரண்டு பேர் முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்றாம். சொந்தக்காரர்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். அந்தப் பேச்சு தன் மகளுக்கு வரக்கூடாது என்பதுதான் அவருக்குக் கவலை. ஆறு மாசமாக ஒரு செவ்வாய் தவறவில்லை, ஒரு தடவைகூட மணி அடிக்கவும் இல்லை. "சாமிக்கு எப்ப நடை திறக்கும்?" என்று பையன்கள் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வார். போகும்போது மணியின் நாக்கை விரலால் தொட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் சொன்னார்: "குழந்தை அம்பத்தஞ்சு கிலோ, அக்கா. மூணு முடிச்சும் விழற வரைக்கும் என் தொடை ஆடப்படாது, அவ்வளவுதான் வேணும்."

என் வீட்டுக்காரர்

இதை இங்கே சொல்லாமல் மேலே போக முடியாது. என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "ஒரு மாதிரி இருக்கு" என்றார். வாந்தி வருதா என்றேன், இல்லை. தலை சுத்துதா, இல்லை. வலிக்குதா, இல்லை. "ஒரு மாதிரி இருக்கு, அவ்வளவுதான்." வாயுவாக இருக்கும் என்று இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தேன். குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

அன்றையிலிருந்து என் காது அந்தச் சொல்லுக்கே காத்துக் கிடக்கிறது. பாரம் தூக்கி உடம்புக்கு முடியாமல் போகிறவர்கள் என்ன வருகிறதோ அதைச் சொல்வார்கள், வாந்தி வருது, கண் இருட்டுது, கால் இழுக்குது. 'ஒரு மாதிரி' என்கிறவனுக்கு வருவது வேறு. அன்றைக்கு அவர் உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்த கூட்டாளி வாசலில் நின்று சொன்னார்: "அவன் விழல மைனி. மூட்டையப் பத்திரமா எறக்கி வச்சிட்டுத்தான் உக்காந்தான்."

மூன்று அடி

கல்யாணத்துக்கு இரண்டரை மாசம் இருக்கிற ஒரு செவ்வாய். சாருக்கு அன்றைக்கு எடை ஏற்றியிருந்தார்கள். மூன்றாவது சுற்று முடித்துக் கம்பியை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். "அக்கா, ஒரு மாதிரி இருக்கு" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, குனிந்தார். நான் ஒரு கையில் பக்கெட்டும் ஒரு கையில் அவர் கையுமாக நின்றேன். லெக் டேயில் வாந்தி எடுக்கிறவர்கள் உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கும், தொட்டால் சுடும். அவர் கை ஐஸ்பெட்டியில் இருந்து எடுத்த மீன் மாதிரி சில்லென்று ஈரமாக இருந்தது.

அவர் தலை நிமிர்வதற்குள் கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. சார் போய் மணியை மூன்று தடவை அடித்தார். முகம் சாம்பல். ஆனால் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. சஜி பெயரை எழுதினான். சார் போர்டைப் போனில் படம் பிடித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார், பல் வலிக்கிறவர் மாதிரி. "சார், ஆஸ்பத்திரி போவோம், நான் ஆட்டோ கூப்பிடுகேன்" என்றேன். சஜி அங்கிருந்தே, "டாக்டர் சேச்சி பின்னேயும் ஓடப் போறாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், சாரும் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. மாப்பை எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தைத் துடைக்க ஐந்து நிமிஷம் போதும், நான் பத்து நிமிஷம் துடைத்தேன். நிமிர்ந்தபோது சார் ஷூவை அலமாரியில் வைத்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மறுபடி ஒரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "வெறும் கேஸ்தான், அக்கா. ஆறு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் பாஸாயிருக்கேன், கெடுக்காதீங்கோ."

போர்டு

வீட்டுக்குப் போய், ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்திருக்கிறார். பதினொரு மணிக்குச் சாப்பிட எழுப்பப் போன மகள்தான் பார்த்தது. சாயங்காலம் சஜி மணியைக் கழற்றினான். சங்கிலி சிக்கிக்கொண்டது, நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். போர்டில் சார் பேர் அப்படியே இருந்தது. மாசம் முடிந்தது. துணியை நனைத்துக்கொண்டு இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் ஜன்னலைத் துடைத்துவிட்டு வந்தேன்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு நாள் காலை அவர் மனைவி வந்தார். அலமாரியில் இருந்த ஷூவையும் துண்டையும் நான் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். மாமி போர்டைப் பார்த்தார். போனை எடுத்து சார் அனுப்பின படத்தைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். சஜி ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் தண்ணீர் குடிக்கப் போனான். கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இனி எப்போது நடந்தாலும் பெரியப்பா மடியில்தான் உட்கார வேண்டும். மகள் யார் மடியிலும் உட்காரமாட்டேன் என்கிறாளாம். இதையெல்லாம் மாமி வேறு யாரோ வீட்டுக் கதை மாதிரி சொன்னார். படியிறங்கப் போனவர் நின்றார். என் இரண்டு கையையும் ஒரு முறை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "கடைசியா அவர் கையைப் பிடிச்சிண்டது நீங்கதானாமே. அப்பவே ஜில்லுனு இருந்துதா?"

இருந்தது என்று சொன்னேன், அன்றைக்கே போர்டையும் துடைத்தேன். இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை யார் குனிந்தாலும் பக்கெட்டை நீட்டுவதற்கு முன்னால் கையைத் தொட்டுப் பார்க்கிறேன், இதுவரை நாலு ஆட்டோக்காரர்களிடம் வீணாக ஏச்சு வாங்கியாயிற்று.