பிடிபடாதவருக்கு முதலிடம்

ஆட்டக்காரர்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுகிற வேலையில், முதல் பெயர்க்காரரைத் தவிர மற்ற எல்லோரும் நமக்கு எதிரிகள். அவரும் மறு வருஷம் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார். கோலப்போட்டிக்குத் தீர்ப்புச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள், பேச்சுப்போட்டிக்கு மதிப்பெண் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோரும் எனக்கு உறவு. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பி.ஏ. கணிதம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. புதுச்சேரியில் பிரெஞ்சுக்கொடி இறங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தபோது, பாகூர் வட்டாரத்துச் சடுகுடு சங்கத்தில் புள்ளி எழுதக் கூப்பிட்டார்கள். முதல் சம்பவம் மட்டும் நான் பார்த்ததல்ல, கேட்டது.

எனக்கு முன் இருந்தவர்

சங்கத் தலைவர் அந்துவான் ஐயா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன்வரை போய்வந்தவர். ஊரில் அவரைச் சொல்தா என்றுதான் சொல்வார்கள். சிப்பாய்க்கு பிரெஞ்சில் அதுதான் பெயர். எனக்கு முன் புள்ளி எழுதியவர் கைதட்டலை வைத்து வரிசை போட்டாராம். யாருக்கு அதிகச் சத்தமோ அவர் சிறந்த ஆட்டக்காரர். இதைத் தெரிந்துகொண்ட ஒரு ஊர்க்காரர்கள் அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு மாட்டுவண்டி நிறையப் பறை, தகரம், பித்தளைத் தாம்பாளம் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் ஊர்க்காரர் ஐந்து பேர் வரிசையில் முதல் ஐந்து இடங்களைப் பிடித்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் பட்டியலை ஒட்டியவரைப் பிடிக்க வந்தார்கள். அவர் அன்றே கடலூர் பஸ் ஏறியவர், திரும்பவே இல்லை.

இதைச் சொல்லி முடித்து, சொல்தா என் கையில் புள்ளிச் சீட்டுகளைக் கொடுத்தார். “சைகோன்ல குண்டு எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னாவது தெரியும் தம்பி, இங்க அதுவும் தெரியாது.”

வீடும் கொட்டகையும்

கொம்யூன் என்றால் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பஞ்சாயத்து; எங்கள் கொம்யூனின் எல்லை நேர்கோடு அல்ல. ஒரு வயல் புதுச்சேரி என்றால் அடுத்த வயல் மதராஸ் ராஜ்யம், அதற்கடுத்தது மறுபடி புதுச்சேரி. சங்கத்தில் வெளியாள் ஆடக்கூடாது. அப்படி ஆடியது தெரிந்தால், அவர் ஆடாததாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவர் தொட்டு வெளியேற்றியவர்கள் வெளியேறவில்லை. அவரைப் பிடித்தவர்கள் பிடிக்கவில்லை. பிடிக்க முயன்று விட்டவர்கள் விடவுமில்லை. காகிதத்தில் அந்த மனிதர் பிறக்கவே இல்லை. இந்த விதியை நான் மிகவும் ரசித்தேன். கணக்குப் படித்தவனுக்கு இதைவிடச் சுத்தமான விதி கிடைக்காது.

ஒருவர் மேல் புகார் வந்தது. விசாரித்ததில் அவருடைய வீடு நம் பக்கம், மாட்டுக்கொட்டகை அந்தப் பக்கம். நடுவில் ஒரு வேலி. ராத்திரி எங்கே படுக்கிறாரோ அதுதான் அவர் ஊர் என்று சொல்தா தீர்ப்புச் சொன்னார். அது கோடைக்காலம். மனிதர் கொட்டகையில் மாட்டோடு படுத்துக்கொண்டிருந்தார். அவர் பெயரையும் அவர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “மழை வந்தா வூட்டுக்குள்ளதான் சார் படுப்பேன், அப்ப நான் உங்க ஆளு, பாத்துக்க.”

ஏர் இறங்காத மைதானம்

மழை வந்தது. அறுவடை முடிந்த வயல்கள்தான் எங்கள் மைதானம். கோடை முழுக்க ஆடலாம் என்று திட்டம். எதிர்பாராமல் கோடைமழை பிடித்துக்கொண்டு, ஏரியிலும் தண்ணீர் ஏறியது. வயல்காரர்கள் யாரையும் கேட்கவில்லை, ஏர் பூட்டிவிட்டார்கள். பாதி ஆட்டங்கள் நடக்கவில்லை. கடற்கரை ஊர்களோடு வைத்திருந்த ஆட்டங்கள் எல்லாம் அந்தப் பாதியில் போய்விட்டன. இறுதி ஆட்டமும் இல்லை.

இதில் ஒரு சிக்கல். டவுனில் ஒரு மில்லுக்குச் சொந்த அணி உண்டு. இறுதி ஆட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்க அவர்கள் வருவதாக இருந்தது. ஆட்டம் இல்லையென்றதும், “பட்டியலைக் கொடுங்கள், முதல் மூன்று பேருக்கு மில்லில் நிரந்தர வேலை” என்று சொல்லியனுப்பினார்கள். அதுவரை பொழுதுபோக்காக இருந்த என் புள்ளிக் கணக்கு அன்றிலிருந்து சாப்பாட்டு விஷயம் ஆகிவிட்டது. எனக்குத் தூக்கம் குறைந்தது.

அதைக் கேள்விப்பட்டு முதலில் வந்தவர் முனியன். மிராசுதார் வீட்டுப் பண்ணையாள், அவருடைய அப்பாவும் அதே பண்ணை. எதிராளியின் கணுக்காலைப் பிடித்தால் பூட்டுப் போட்டது போல் இருக்கும். எங்கள் மைதானத்தை அன்று உழுதுகொண்டிருந்தவரும் அவர்தான். ஏரை நிறுத்திவிட்டு வரப்புக்கு வந்து, மில் சமாச்சாரம் நிஜமா என்று கேட்டார். நிஜம் என்றேன். நாங்கள் மாதக்கணக்கில் குதித்துக் கெட்டிப்படுத்தி வைத்திருந்த தரையைக் காலால் தட்டிக் காட்டினார். “இன்னா மிதி மிதிச்சு வெச்சிக்கிறோம் சார், ஏரே எறங்கல, இந்த வருசம் வேலைக்குப் போயிட்டன்னா அடுத்த வருசம் இத்த நான் உழ வேணாம்.”

ஒரே வலை

எல்லோரும் ஒரே அளவு ஆடவில்லை. ஆகவே மொத்தப் புள்ளியை வைத்து வரிசை போட்டால் அதிக ஆட்டம் கிடைத்தவருக்கு லாபம். நான் விகிதம் போட்டேன். பாடிப் போனவர் ஒருவரையாவது தொட்டுவிட்டுத் திரும்பினால் வெற்றி. பிடிக்கப் போனவர் பிடித்துவிட்டால் வெற்றி. வெற்றியை வாய்ப்பால் வகுக்க வேண்டும். கல்லூரியில் படித்தது கடைசியில் ஒரு பயனுக்கு வந்தது என்று நினைத்தேன்.

முதல் கணக்கில் முதலிடம் வந்தவர் பூரணாங்குப்பத்து அஞ்சாப்புலி. அவர் பக்கத்து ஊர் அணிக்கு ஆள் குறைந்த ஒரு நாளில் கூப்பிட்டதற்காக வந்தார், ஒரே ஒரு முறை பாடிப் போனார், இரண்டு பேரைத் தொட்டார், வந்தார். அதோடு கோலா மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டார். நூற்றுக்கு நூறு. சங்கத்தில் சிரித்தார்கள். குறைந்தது இத்தனை முறையாவது ஆடியிருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்தேன். அந்த வரம்பை யார் சொன்னது என்றால் நான்தான். அதை நினைத்தாலே வியர்க்கும். விஷயத்தைச் சொல்ல அஞ்சாப்புலியைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன். இன்னும் நாலு ஆட்டமாவது ஆடியிருக்கலாமே என்றேன். வலையை உதறிக்கொண்டே அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு தடவ வலை போட்டேன், ரொம்பிச்சு, மறுபடியும் இன்னாத்துக்கு போடணும், வலை பொத்துக்கவா?”

நான்காம் இடம்

வரம்புக்குப் பிறகு வந்த வரிசையில் முதல் பெயர் வேங்கடபதி. மிராசுதாரின் மகன்; அவர் ஊர் அணி, முனியன் சேரி அணி. முனியனுக்கு நான்காம் இடம். மூன்றாமவருக்கும் அவருக்கும் மயிரிழைதான். கூட்டலில் தப்பா என்று நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கூட்டலில் தப்பில்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. முனியன் பிடித்து விட்டுவிட்ட கால்கள் எல்லாம் ஒரே ஆளுடைய கால்கள். வேறு யாரும் அவர் கையிலிருந்து தப்பியதாக இல்லை. வேங்கடபதி மட்டும் ஒவ்வொரு முறையும் தப்பியிருந்தார்.

பிள்ளையார் கோயில் குளத்தில் மாடு கழுவிக்கொண்டிருந்த முனியனிடம் மெதுவாகக் கேட்டேன். முதலில் வழுக்கிவிட்டது என்றார். எல்லாத் தடவையுமா என்றேன். சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த வாய்ப்புகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அவருக்கு மில் வேலை நிச்சயம்; ஆனால் ஏன் சேர்க்கவில்லை என்று நான் எழுத வேண்டும். எழுதினால் பண்ணையில் அவருடைய அப்பா இருக்க முடியாது. எழுதாமல் சேர்க்காமல் விட்டால் அது களவு. என் அப்பாவும் அதே மிராசுதாரிடம்தான் குத்தகை. எனக்கு அந்தப் பயமும் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. முனியன் மாட்டின் முதுகில் தண்ணீரை அடித்துவிட்டுச் சொன்னார்: “காலையில யாரு கால்ல செருப்பக் கொண்டாந்து வெக்கிறனோ, சாயங்காலம் அந்தக் காலப் புடிச்சு எப்படி சார் இழுக்கறது?”

பிடிபடாதவர்

ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று தற்காலிகப் பட்டியலை ஒட்டினோம். மறுநாள் வேங்கடபதி சைக்கிளில் வந்து இறங்கினார். முதலிடத்துக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும்?

“இன்னாபா பி.ஏ., எப்படி வந்துச்சு இது?” என்று கேட்டார். விகிதத்தை விளக்கினேன். “அப்ப நான் ஒரு தடவகூடப் புடிபடலியா?”

“இல்லீங்க.”

“மத்தவங்க?”

“பட்டியல்ல இருக்கிற மத்த எல்லாரும் புடிபட்டிருக்காங்க.”

அவர் புள்ளிச் சீட்டுகளை வாங்கித் தானே புரட்டினார். தான் ஆடிய ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். எல்லாம் அவர் அப்பாவின் நிலம் இருக்கிற ஊர்கள். கடற்கரை ஊர்களோடு ஆட இருந்தது மழையில் போயிற்று. விரல் கடைசிப் பெயரில் அப்படியே நின்றது. காது சிவந்தது. யார் விட்டது என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. என் பெயரை எடுத்துவிடு என்றார். எடுத்தால் வெளியாளைப் போலவே நீங்களும் ஆடாததாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதுதான் விதி என்றேன். வைத்துக்கொள் என்றார். சொல்தா பக்கத்தில்தான் இருந்தார். காரணம் வேண்டுமே என்று இழுத்தார். வேங்கடபதி சைக்கிளில் ஏறி ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: “டவுன்ல எவனும் எங்கப்பன் களத்துல நெல்லு தூத்தறவன் இல்ல, அங்க போயி நான் மொத நாளே மண்ணக் கவ்வணுமா?”

இரண்டாம் இடம்

விதிப்படி அவர் பிறக்கவில்லை. அவர் கால்களும் பிறக்கவில்லை. ஆகவே முனியன் அவற்றை விடவும் இல்லை. மறுபடி வகுத்ததில் முனியன் இரண்டாவதாக வந்தார். காரணம் என்ற இடத்தில் ‘ஆட்டக்காரரே விலகிக்கொண்டார்’ என்று எழுதினேன். அது உண்மை. நான் எழுதியவற்றில் அவ்வளவு நிம்மதியாக எழுதிய வரி வேறில்லை.

முனியனுக்குப் படிக்கத் தெரியாது. பட்டியலில் அவர் பெயரைத் தொட்டுக் காட்டினேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பார்த்தது மேலே, வேங்கடபதி பெயர் இருந்த இடத்தை. சின்ன எஜமான் பெயர் எங்கே, என்னாலா போயிற்று என்று கேட்டார். இல்லை, அவராகவே எடுக்கச் சொன்னார் என்று சொன்னேன். நம்பவில்லை. சொல்தா வந்து சத்தியம் செய்த பிறகுதான் மூச்சு விட்டார். மில்லுக்கு எப்போது போக வேண்டும் என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன். முகம் மலர ஆரம்பித்து, பாதியில் நின்றது. “திங்கக்கெழமையா? பெரிய கழனிக்கு அன்னிக்குத்தான சார் நாத்துக்கட்டு ஏத்தணும், யார்கிட்ட சொல்லிட்டுப் போறது?”

மில் மைதானம்

போய்விட்டார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. மறு வருஷம் எனக்குப் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்து நானும் ஊரைவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கோடையில் மில் அணியை எங்கள் வட்டார அணி டவுனில் சந்தித்ததாகவும், அந்தப் பக்கம் முனியனும் இந்தப் பக்கம் வேங்கடபதியும் ஆடியதாகவும் செய்தி வந்தது. பாகூர்ச் சேரியில், முனியன் அவரைக் குப்புறத் தள்ளி மூச்சு நிற்கிறவரை விடவில்லை என்று பேசிக்கொண்டார்கள். மிராசுதார் ஊரில், முனியன் பழையபடி விட்டுவிட்டார், உப்பிட்ட வீட்டை மறக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். இரண்டையும் என்னிடம் சொன்னவர்கள் நேரில் பார்த்ததாகவே சொன்னார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, மில் அணிக்குப் புள்ளி எழுதுகிறவரைக் கண்டுபிடித்தேன். நம் இனம், கேட்டதுமே எதற்காக வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டார். அன்றைய சீட்டைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தார். வேங்கடபதி பல தடவை பாடிப் போயிருந்தார், இரண்டு தடவை பிடிபட்டும் இருந்தார். பிடித்தவர்கள் யாரும் முனியன் இல்லை. அப்படியென்றால் முனியன் விட்டாரா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். “முனியன் உள்ள நிக்கிற வரைக்கும் அவரு நடுக்கோட்டத் தாண்டவே இல்ல சார், அந்த ஆளு அவுட்டாகி வெளிய போனப்புறம்தான் பாட ஆரம்பிச்சாரு.”

ஆகவே இந்த இருவரில் யார் சிறந்தவர் என்று கேட்டு இன்றும் எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு, வாய்ப்பு பூஜ்யமாக இருக்கும்போது வகுக்க முடியாது என்று கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததையே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.