நூறு கேள்வியும் ஒரு பெயரும்

மனோதத்துவம் படித்தவள் லீனா. பதினோரு வருடமாகச் செவ்வாய்தோறும் திருப்பதியில் பஸ் ஏறிச் சித்தூர் ஜெயிலுக்குப் போகிறாள். நன்னடத்தையின் பேரில் விடலாமா என்று கோர்ட் விசாரிக்கும் ஆட்களிடம் நூறு கேள்வி கேட்பாள். ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான் பதில். ஆமாம் அறுபதைத் தாண்டினால் ஆபத்தான ஆள். நூறு கேள்வியில் ஒரு மனுஷனை அளந்துவிட முடியுமா என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சுர்ரென்று கோபம் வரும்.

அந்தக் கோபம் போன வருடம் கொஞ்சம் அடங்கியது. ஜெகநாதன் என்பவன் தொண்ணூற்றாறு கேள்விக்கு இல்லை என்று சொல்லி, புடம் போட்ட தங்கமாக வெளியே போனான். ஒரே மாதத்தில் புத்தலப்பட்டில் லட்சுமம்மா என்கிற பால்காரியின் கம்மலைக் காதோடு பிய்த்துக்கொண்டு ஓடினான். லீனா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அழுது ஜெபித்தாள். மனசு லேசானது.

இந்தச் செவ்வாய் அவள் முன் உட்கார்ந்தவன் ஸ்டீவன், லாரி டிரைவர். வழி விடாத சண்டையில் ஓர் ஆட்டோக்காரரை ஜாக்கி ராடால் அடித்து முழங்காலை உடைத்தவன். முதல் குற்றம். வீட்டில் கைக்குழந்தை. வியாழக்கிழமை கோர்ட். அவன் வீட்டுக்குப் போவதா, இரண்டு வருடம் உள்ளே இருப்பதா என்பது லீனா எழுதப்போவதில் இருந்தது.

திருடியதுண்டா? ஆமாம். ஒருவரைக் கொல்ல நினைத்ததுண்டா? ஆமாம். மொத்தம் எண்பத்தொன்று. இப்படி ஒரு மார்க்கை இதுவரை எந்தக் கொலைகாரனும் வாங்கியதில்லை.

"இன்னா திருடுனீங்க?" என்றாள் லீனா.

"திருடல மேடம். ஆசப்பட்டேன். மனசுல நெனச்சாலும் பாவந்தானே? சர்ச்சுல திருவிருந்து அப்பம் வாங்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒத்துக்கணும், ஒண்ணையும் மறைக்கக் கூடாதுன்னு சொல்லிக்கினே வளத்தாரு எங்க நைனா."

லீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் அதே மிஷன் சபையில் முழங்காலிட்டு வளர்ந்தவள்தான். கேள்வித்தாளைப் பாவ அறிக்கையாக்கிவிட்டானே மகராசன்! இதே நூறையும் அவளிடம் கேட்டால் அவளே எழுபதைத் தாண்டுவாள். எண்பத்தொன்றை அடித்துவிட்டு, விடலாம் என்று எழுதத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"அடிபட்டவரு இப்ப எப்டி கீறாரு?"

"தெரீல மேடம்."

"அவரு பேரு?"

ஸ்டீவன் மேலே பார்த்து யோசித்தான். "ஆட்டோக்காரரு... பேரு கேட்டுக்கல. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணாரு. ஆண்டவரு மன்னிச்சிட்டாரு. அது முடிஞ்சிபோச்சி மேடம்."

அவன் முகத்தில் பொய் இல்லை. அதுதான் லீனாவைச் சுட்டது. மனசில் நினைத்ததற்கெல்லாம் உருகுகிறவனுக்குத் தன் கையால் உடைத்த கால் யாருடையது என்று தெரியவில்லை.

விடலாம் என்றுதான் எழுதி முடித்தாள். ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்தாள். வீட்டுக்குப் போகும் முன் அடிபட்ட ஆட்டோக்காரர் விஜயராகவனை அவன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கேஸ் கட்டில் இருந்த அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீவனிடமும் கொடுத்தாள். அவன் வாங்கி அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தான்.

சாயங்காலம் பஸ் புத்தலப்பட்டில் நின்றது. வாரா வாரம் நிற்கிற இடம்தான். ஒரு வருடமாக அங்கே வந்ததும் லீனா தலையைக் குனிந்து போனைப் பார்ப்பாள். இன்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். திருப்பதி டிக்கெட்டாயிற்றே என்று கண்டக்டர் தெலுங்கில் கேட்டார். அவள் இறங்கி, டீக்கடையில் பால்காரி லட்சுமம்மாவின் வீட்டுக்கு வழி கேட்டாள்.