சுரைக்குடுக்கை வாத்துகள்

ஒன்பது வயதில், ஏறக்குறைய கால் மணி நேரம், நான் கொலைகாரனாக வாழ்ந்திருக்கிறேன். சுட்டது என் தாய்மாமாவை. ஆயுதம் ஏர்கன். இடம் எங்கள் ஊர்க் கண்மாய். சுட்டதும் முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இனி அரையாண்டுக் கணக்குப் பரீட்சை எழுத வேண்டியதில்லை.

வனத்துறையைச் சேர்ந்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால் பதற வேண்டாம். உங்களுக்கான சேதி கடைசியில் இருக்கிறது.

மாமா ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றித் தரைக்கல் செய்கிற வேலை. கை சும்மா இருக்காத மனிதர். மழையில் கண்மாய் நிறைந்து, மார்கழியில் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கியதும் அவருக்கு வேட்டைக் கிறுக்கு பிடித்துவிடும். சனிக்கிழமை சாயங்காலங்களில் நானும் அவரும் கொல்லையில் உட்கார்ந்து பொய் வாத்து செய்வோம். நிஜ வாத்துகள் இவற்றைச் சொந்தக்காரர்கள் என்று நினைத்துப் பக்கத்தில் வந்து இறங்குமாம். உடம்புக்குக் காய்ந்த சுரைக்குடுக்கை. கழுத்துக்கு வளைந்த கொடுக்காப்புளிக் கிளை. அலகுக்கு அறுந்துபோன ரப்பர் செருப்பு. பட்டறையில் மிஞ்சிய வண்ணப் பொடியை வார்னிஷில் குழைத்துப் பூசுவோம். மிதந்து போய்விடாமல் இருக்க, ஒவ்வொன்றின் அடியிலும் நைலான் கயிற்றில் உடைந்த பூக்கல் துண்டு ஒன்று தொங்கும். பட்டறையில் மிஞ்சியது சிவப்பு, பச்சை, மஞ்சள் என்பதால் வாத்துகளும் அதே நிறந்தான். தண்ணீரில் விட்டால் யாரோ பெரிய வீட்டு முகப்புத் தரை பெயர்ந்து வந்து மிதப்பதுபோல் இருக்கும்.

அம்மா முறத்தோடு அந்தப் பக்கம் வந்தால் தன் தம்பியை விடமாட்டார்.

“இம்புட்டு வாத்துச் செஞ்சியேடா, ஒண்ணாச்சும் முட்டை போட்டுச்சா?”

“போடும்க்கா. நீ கூடையைக் கழுவி வையி.”

ஒளிந்துகொள்ள மறைப்பும் நாங்களே கட்டினோம். கண்மாய்க் கரையின் உள்பக்கச் சரிவில், கோரைக்கு நடுவே பனையோலைத் தட்டி. அதன்மேல் சேறு பூசிய புதுவயல் அரிசி மில் சாக்கு. பார்ப்பதற்கு இரண்டு ஓட்டைகள். தண்ணீரைப் பார்த்த ஓட்டை சின்னது, ஒரு கண்ணுக்கே போதாது. கரையைப் பார்த்த ஓட்டை பெரியது. ஓலை கீறாமல் இருக்க விளிம்பில் துணிகூட வைத்துத் தைத்திருந்தார்.

“மாமா, வாத்து இங்குட்டுல்ல இருக்கு? ஓட்டை அங்குட்டு இருக்கே?”

“கரைப் பக்கமாத்தான் மாப்ள பறவை வரும். ஒனக்குத் தெரியாது.”

நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் போகிறோம் என்று கேட்டதற்கு, மற்ற நாட்களில் பறவைகளுக்கு வேலை இருக்கும் என்றார். அதையும் நம்பினேன். வேட்டைக்குப் போகும் முன் முகத்தில் பவுடர் போட்டுக்கொள்வார். மனித வாடை பறவைக்கு ஆகாதாம். சரிதானே என்று நானும் கொஞ்சம் வாங்கிப் பூசிக்கொள்வேன். இப்படி இரண்டு மார்கழி. ஒரு பறவையும் விழவில்லை. எனக்குக் குறையாகவும் தெரியவில்லை.

அந்தக் கரைமேல்தான் மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்தவர்கள் வீடு திரும்புவார்கள். கடைசியாக எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் குடையோடு வருவார். அவருக்குப் பத்தடி பின்னால் அவருடைய மகள். காரைக்குடிக்கு டவுன் பஸ்ஸில் டைப் படிக்கப் போய்வந்த அக்கா. மடைக்கு அருகே வரும்போதெல்லாம் அந்த அக்காவின் செருப்புக்குள் கல் ஏறிவிடும். நின்று கழற்றி, நிதானமாக உதறிப் போட்டுக்கொள்வார். அந்தச் செருப்பு அறுந்தால் நான்கு அலகாவது வெட்டலாமே என்று எனக்கு ஆசையாக இருக்கும்.

இரண்டாவது மார்கழியில் ஒருநாள் வாத்தியார் கரையிலிருந்து சரிவில் இறங்கி வந்து எங்கள் தட்டியைக் குடை நுனியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே மாமா மூச்சு விடவில்லை. “பறவை உஷாராயிருச்சு மாப்ள. இனிமே தண்ணிக்குள்ள இருந்துதான்” என்றார்.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பழைய கரிப்பானைகள் நான்கைந்தை வாரம் முழுவதும் மடையருகே கவிழ்த்து மிதக்கவிட்டார். பார்க்கிறவர்களுக்குப் பழகிவிடும். அடுத்த ஞாயிறு, கண்ணுக்கு இரண்டு துளை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டார். தட்டிக்குப் பின்னால் நான், என் மடியில் துப்பாக்கி. கை காட்டினால் மட்டுமே சுட வேண்டும் என்று உத்தரவு.

அன்றைக்குப் பார்த்துத்தானா வர வேண்டும்? நிஜ வாத்துகள். ஏழெட்டு இருக்கும். எங்கள் சிவப்பு, பச்சைச் சொந்தங்களுக்கு நடுவே ‘சளக்’கென்று இறங்கின. எனக்கு உடம்பெல்லாம் காய்ச்சல் மாதிரி ஆகிவிட்டது. கையாவது, காட்டுவதாவது. குழாயை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினேன்.

‘டப்’.

கண்ணைத் திறந்தபோது வாத்துகள் வானத்தில். மாமா இருந்த பானை ஒரு பக்கமாகச் சாய்ந்து, குமிழி குமிழியாக விட்டு, முழுகிப் போயிற்று. மாமா இல்லை.

துப்பாக்கியைக் கோரைக்குள் புதைக்கப் பார்த்தேன். குழாய் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதன்மேல் ஒரு வாத்தைத் தூக்கி வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். பிறகு நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம் என்று பத்தடி நடந்தேன். தவழ்ந்து கரையேறினால், எதிரே வாத்தியார்.

“சார், மாமாவச் சுட்டுட்டேன் சார்! பானைக்குள்ள மாமா இருந்தாக சார்!”

“எந்தப் பானைடா? யாரு மாமா?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் அந்த அக்கா கரையிலிருந்து இறங்கி ஓடினார். பூசைக்குக் கட்டியிருந்த வெள்ளைச் சேலையோடு, இடுப்பளவுத் தண்ணீருக்குள்.

“ஏங்க! ஏங்க! எங்குட்டு இருக்கீக?”

கோரைக்குள்ளிருந்து மாமா எழுந்தார். தலையில் பாசி. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இங்குட்டுத்தான் இருக்கேன்” என்றார். அக்கா அவர் தோளில் ஓர் அடி வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான் குதித்தேன், கைதட்டினேன். செத்த மனிதர் திரும்பி வந்திருக்கிறார்! வாத்தியாரும் சந்தோஷப்படுவார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் குடையை மெதுவாக மடக்கிக்கொண்டிருந்தார். “வீட்டுக்கு வாம்மா” என்றார். மாமாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வீட்டில் என்னை ஒருவரும் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாமா கண்மாய்க்குத் திரும்பிப் போய்ப் பதினோரு வாத்துகளையும் ஒவ்வொன்றாகக் கயிறு சுற்றி எடுத்து வந்து கொல்லையில் அடுக்கினார். அம்மா முட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வாத்தியார் மட்டும் கரைமேல் தனியாகப் போனார். தை முடிவதற்குள் அக்காவை எங்கோ தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

பூசை விடும் நேரத்தில் மாமா கரையில் தென்படக் கூடாது என்று முந்தின வருடமே வாத்தியார் தாத்தாவிடம் வந்து சொல்லியிருந்தார் என்பதும், தாத்தா மாமாவை அழைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார் என்பதும் எனக்கு மீசை முளைத்த பிறகே தெரிந்தது. மாமா சொன்ன சொல் மாறவில்லை. நான் கத்தும்வரை அவர் யார் கண்ணிலும் தென்படவில்லை.

அக்காவின் கல்யாணம் நடந்த வருடக் கோடை விடுமுறையில் மாமாவிடம் போய் நின்றேன். “மாமா, வாத்து செய்வமா?”

“ஒனக்குப் பரீட்சை இருக்குல்ல மாப்ள.”

பரீட்சையெல்லாம் முடிந்திருந்தது. அது அவருக்கும் தெரியும்.

பிறகு மாமாவுக்குக் கல்யாணமாயிற்று. அத்தை நல்லவர். ஒரு வாத்தின் கழுத்தைப் பிடுங்கிவிட்டு, அதில் புடலை விதை போட்டு வைத்திருந்தார். எனக்கு இப்போது ஐம்பதைத் தொடப்போகிறது. மார்கழியில் பஸ் அந்தக் கண்மாயைக் கடக்கும்போது, எத்தனை பெரிய சிரிப்புக் கதையின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, தண்ணீரில் எங்காவது சிவப்பும் பச்சையும் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்.

போன வருடம் மாமா போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து, அத்தை பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். துணி சுற்றிய துப்பாக்கி இருந்தது. கூடவே ஒரு குண்டு டப்பா. கடையில் வாங்கியபோது மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதம் கிழியாமல் அப்படியே இருந்தது. அந்த இரண்டு மார்கழியிலும் துப்பாக்கியில் குண்டு இருந்ததே இல்லை.