மோட்டாரைக் கேட்டால் சங்கு

இன்ஜினியரிங் பரீட்சையில் ஆர்த்தகோனாலிட்டி பற்றிய பதினாறு மதிப்பெண் கேள்விக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையாமல் வாங்கியவன் நான். அது என்னவென்று எனக்குப் புரிந்தது, முந்நூறு பேரைக் காலை பத்தே முக்காலுக்குச் சாப்பிட அனுப்பிவைத்த பிறகுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு ஆறு மாதப் பயிற்சிக்காலம் முடியும் தறுவாய். வெள்ளானூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு ரிமோட் கன்ட்ரோல் செய்திருந்தோம். ஒரே ஒயரில் இரண்டு டோன்: ஆயிரம் ஹெர்ட்ஸ் போனால் கிணற்று மோட்டார் ஓடும், ஆயிரத்து ஐம்பது போனால் ஷிப்டையும் சாப்பாட்டு நேரத்தையும் சொல்லும் சங்கு ஊதும். அன்று வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டால் எனக்கு வேலை நிரந்தரம்.

முதலாளி ஜெபராஜ் சாரின் டிசைனில் ரிசீவர் இருபது மில்லி செகண்ட் கேட்டுவிட்டு எந்த டோன் என்று முடிவு செய்யும். நான் அதைப் பத்தாகக் குறைத்து, "ரெண்டு மடங்கு ஸ்பீடு சார்" என்றேன். கிணற்று மோட்டாருக்கு அப்படி என்ன அவசரம் என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மோட்டாரை மட்டும் சோதித்தேன். பெஞ்சில் வைக்கச் சங்குக்கு எங்கே போவது?

தொழிற்சாலை மேனேஜர் மோட்டார் பட்டனை அழுத்தினார். மோட்டார் ஓடியது. சங்கும் ஊதியது. லேத்துகள் வரிசையாக நின்றன. எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள்.

"யோவ், தண்ணி கேட்டா சங்கு ஊதுறியே!" என்றார் மேனேஜர். ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்.

"ஊதிச்சி, வந்துட்டோம். இனிமே துன்னுட்டுதான் சார்" என்றார் யூனியன்காரர்.

ஜெபராஜ் சார் என்னை ஓரமாக இழுத்துப்போனார். "இருபது மில்லி செகண்ட்ல ஒண்ணு இருபது சுத்து, இன்னொண்ணு இருபத்தோரு சுத்து. ரெண்டும் முழுசு. பெருக்கிக் கூட்டினா பூஜ்யம், ஒண்ணு இன்னொண்ணுல கலக்காது. பத்துல?"

"பத்தும்... பத்தரையும் சார்."

"அந்த அரை சுத்துதாம்பா மேல ஊதிட்டு இருக்கு."

ஒன்றையொன்று தொடாமல் இருப்பது, அதாவது ஆர்த்தகோனாலிட்டி, அந்த டோன்களின் பிறவிக்குணம் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதும் அதில் சேர்த்தி. பையிலிருந்த பழைய இருபது மில்லி செகண்ட் சிப்பை மாட்டினேன். மோட்டார் ஓடியது, சங்கு வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் அதே தொழிற்சாலைக்குப் பராமரிப்புக்குப் போனபோது, நிரந்தர ஊழியன் என்ற மிடுக்கோடு கேன்டீனில் நுழைந்தேன். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வா சார். இன்னிக்கும் எதுனா ரிப்பேர் பண்ணப்போறியா? இப்பவே சொல்லிடு, உலை வெச்சிடறேன்."