புதுப் பாயின் முதல் ஓட்டம்

எக்சூமா தீவில் பந்தயப் படகுக்குப் பாய்மரமும் பாயும் சரிக்கட்டுவதில் தடேயஸ் மேக்ஃபீயை மிஞ்ச ஆளில்லை. பாய்மரம் தாங்கும் கம்பியைச் சுண்டியே, அடுத்த தீவில் எவள் சட்டியில் சங்குக் குழம்பு தீய்கிறதென்று சொல்லிவிடுவார். என்ன பயன்? அவர் சரிக்கட்டிய படகு ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

இந்த வருடமும் தோற்றால் தன் படகை ஓட்டல்காரனுக்கு விற்றுவிடுவதாக மைத்துனன் ஹார்கோர்ட் சொல்லியிருந்தான். ஓட்டல்காரன் அதில் மண் கொட்டிப் பூச்செடி வளர்ப்பானாம்.

பந்தயத்துக்குப் பருத்திப் பாய்தான் கட்டவேண்டும். புதுப் பாயைச் சில நாள் தளர்வாகவே ஓட்டவேண்டும். இழுத்துக் கட்டினால் துணி நீண்டு, ஜென்மத்துக்கும் பழையபடி ஆகாது. இவர்களுக்குப் பாய் வந்ததே பந்தயத்தன்று காலையில்தான். தடேயஸ் அதைத் தொட்டில் கட்டுவதுபோலத் தளர்த்திக் கட்டினார்.

பாதி வழியில் காற்று வலுத்தது. முன்னால் இரண்டே படகுகள்.

"மச்சான், பாயை இழுத்துக் கட்டுங்க!" என்று கத்தினான் ஹார்கோர்ட்.

"இழுத்தா செத்துரும்டா."

"தோத்தா படகு மட்டும் பொழைச்சுக் கெடக்குமா?"

தடேயஸ் இழுத்தார். படகு சீறிக்கொண்டு முதலிடத்துக்கு வந்தது. அவர் வாழ்நாளில் முதன்முறையாக முன்னால் வெறும் கடல். ஆனால் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் பாய் ஆட்டு மடிபோலத் தொங்கிவிட்டது. ஒவ்வொரு படகாக அவர்களைக் கடந்தது.

"பெருசு, மடிச்சு வையி! வீட்டம்மாவுக்கு கவுன் தைக்கலாம்!" என்றான் கடைசிப் படகுக்காரன்.

"கொஞ்சம் தளர்த்திப் பாருங்க மச்சான்," என்றான் ஹார்கோர்ட், குரல் இறங்கி.

"இனிமே எப்படிக் கட்டினாலும் ஒண்ணுதான்டா," என்றார் தடேயஸ். "நீ கரையைப் பாத்து ஓட்டு."