பாதிரியாருக்குக் கொடுத்த புறாக்கள்

என் இடது காதின் துளை வலது காதில் உள்ளதைவிடச் சற்று மேலே இருக்கும். தோடு வாங்கப் போனால் கடைக்காரர் என் முகத்தைக் கொஞ்சம் சாய்க்கச் சொல்லிக் கண்ணாடியைக் காட்டிச் சமாளிப்பார். அம்மா கடைசிவரை காது குத்திய ஆசாரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். கண் தெரியாத மனுஷனிடம் போய்ப் பச்சைப் பிள்ளையைக் கொடுத்தோமே என்பாள். ஆசாரிக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. நானும் அப்படியொன்றும் பச்சைப் பிள்ளை இல்லை, ஏழு வயது.

ஏழு வயதுவரை காது குத்தாமல் இருந்ததற்குக் காரணம் அப்பாவின் போலீஸ் வேலை. அவர் எங்கோ ஒரு ஊரில் காவலுக்கு நிற்க, அம்மாவும் நானும் ராஜபாளையத்தில் அம்மா பிறந்த வீட்டில் இருந்தோம். நாள் குறிப்பார்கள், அவருக்கு லீவு கிடைக்காது, தள்ளிப்போகும். தெருப்பிள்ளைகள் எனக்கு மூளிக்காதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த அவமானம் தீர எனக்கு இரண்டு வேண்டியிருந்தன. ஒன்று அப்பாவின் லீவு. மற்றது மாமாவின் மடி. தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கம் யாருக்கும் காது குத்த மாட்டார்கள்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. பருத்திக் காட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர், பாதிப் பொழுது மொட்டை மாடியில் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் கர்ணப் புறாக்கள் இருந்தன. உயரே போய்த் தலைகீழாகக் கரணம் அடித்து இறங்கும் ஜாதி. அதனால் காசு பணம் எதுவும் வருவதில்லை என்பதே வீட்டில் எல்லோருக்கும் குறை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் பங்களாவில் தனியாக இருந்தார். சைக்கிளில் எங்கள் ஊருக்கு வந்து, கடைத்தெருவில் நின்று பிரசங்கம் செய்வார். ஒரு மாலை அவர் பாவத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது மாமாவின் புறாக்கள் மேலே கரணம் அடித்தன. பாதிரியார் அண்ணாந்து பார்த்தார். பாவத்தை அப்படியே நடுத்தெருவில் விட்டுவிட்டு, இது யாருடைய பறவை என்று விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். அவரும் சிறு வயதில் தம் ஊரில் புறா வளர்த்தவராம்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வாழ்க்கையில் புறாவைப் பற்றி முதன்முதலாக மரியாதையாகப் பேசிய ஆள் பாதிரியார்தான். ஒரு ஜோடியைக் கூடையில் வைத்துச் சனிக்கிழமை பங்களாவுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த புதன்கிழமை அந்த ஜோடி எங்கள் மாடியில் வந்து உட்கார்ந்திருந்தது.

புறா பழகிய கூட்டுக்குத்தான் திரும்பும். புது இடத்தில் நிறுத்த வேண்டுமென்றால் இறக்கையை நூலால் கட்டிப் போட வேண்டும், அல்லது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்வரை அடைத்து வைக்க வேண்டும். இது மாமாவுக்குத் தெரியும், பாதிரியாருக்கும் தெரியும். ஆனால் பாதிரியார் கட்ட மாட்டேன், ரொம்ப நாள் அடைக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே மாமா சனிக்கிழமை கொண்டுபோவார், அவை நடுவாரத்தில் திரும்பிவிடும், மறுபடி சனிக்கிழமை வரும். வீட்டில் முதலில் எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அந்த ஜோடி அங்கேயே குஞ்சு பொரித்தது. திரும்பி வரவில்லை. இனி மாமாவுக்கு அங்கே என்ன வேலை என்று அம்மா நிம்மதியானாள். மாமாவோ சனிக்கிழமை வழக்கம்போலச் சைக்கிளைத் துடைத்தார். அன்றுதான் அம்மாவுக்குப் பயம் வந்தது. புறாவைக் காட்டித் தம்பியைப் பிடித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினாள். கிறிஸ்தவனாகி வேதத்துக்குப் போன தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால் காது குத்து செல்லுமா? இதை அவள் யாரிடமோ கேட்டது என் காதில் விழுந்து, எனக்கும் பயம் பிடித்தது. மாமா இல்லையென்றால் அம்மாவின் பெரியப்பா மகன் இருக்கிறார், முறைக்கு அவரும் மாமாதான். ஆனால் அவர் எந்நேரமும் மூக்குப்பொடி போடுகிறவர், மடியெல்லாம் பொடி. அவர் தும்மும் நேரத்தில் ஆசாரி ஊசியை எடுத்தால் என்ன ஆவது என்று நான் சாப்பிடாமல் யோசித்தேன்.

அம்மா என்னை மாமாவோடு பங்களாவுக்கு அனுப்பினாள். என்ன பேசுகிறார்கள், என்ன தின்கிறார்கள் என்று பார்த்துவந்து சொல்ல வேண்டும். நான் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து ஒற்றறியப் போனேன்.

அங்கே பாதிரியார் மாமாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தம் கையாலேயே டீயை ஊற்றிக் கொடுத்தார். எனக்குத் தட்டு நிறைய பிஸ்கட். இருவரும் குஞ்சுகளின் தீனியைப் பற்றியும் எச்சத்தைப் பற்றியும் பேசினார்களே தவிர, சாமியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மாமா ஒரே ஒரு தடவை, ஏன் இறக்கையைக் கட்டவே இல்லை என்று கேட்டார்.

பாதிரியார் புத்தகத் தமிழில் சொன்னார். “கட்டி வைத்தால் அது என்னுடையது ஆகாது, தம்பி. அது தானாகவே தங்க வேண்டும்.”

பிஸ்கட்டைத் தொடுவதற்கு முன் அவர் கைகளைக் கோத்துக் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தார். அது மட்டும்தான் நடந்தது. நான் எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

“அந்தாளு கண்ண மூடுனப்ப ஒம் மாமனும் மூடுனானா?” என்று கேட்டாள் அம்மா.

“தெரியலம்மா. நானும்ல மூடியிருந்தேன்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மூடாவிட்டால் பிஸ்கட் தரமாட்டார்களோ என்றுதான் மூடினேன் என்று சொல்லிப் பார்த்தேன். அது காரியத்தை இன்னும் கெடுத்தது. உளவு பார்க்கப் போனவளும் போய்விட்டாள் என்று ஆகிவிட்டது.

அதற்குள் அப்பாவுக்கு லீவு கிடைத்து நாளும் குறித்தாயிற்று. அம்மா தம்பியைக் கூப்பிட்டு நேராகச் சொன்னாள். “இவ காதுகுத்து முடியுற மட்டும் நீ அந்தப் பாதிரியப் பாக்கக் கூடாது. பாத்தன்னா ஒம் மடி எங்களுக்கு வேண்டாம்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். “பாக்கல அக்கா,” என்றார்.

மடி உறுதியானது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அடுத்த சனிக்கிழமை மாமா துடைத்து முடித்த சைக்கிளை மறுபடி துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இதில் சந்தோஷப்படலாமா கூடாதா என்று விளங்கவில்லை.

காதுகுத்துக்கு முன்வாரம் பங்களாத் தோட்டக்காரர் வந்தார். பாதிரி ஐயருக்கு உடம்பு முடியவில்லை, சீமைக்கே திரும்பிப் போகிறார், ரயிலடிக்கு வந்து முகம் காட்டச் சொன்னார் என்றார். அவர் சொன்ன நாள் என் காதுகுத்து நாள். காலை ரயில்.

“வர முடியாதுன்னு சொல்லிருங்க,” என்றார் மாமா. “பிள்ளைக்கு விசேசம்.” அம்மாவிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அம்மா விட்டிருப்பாளோ என்னவோ, எனக்குத் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கோயிலில் காதுகுத்து. மாமா புது வேட்டி கட்டி, சம்மணம் போட்டு உட்கார, நான் அவர் மடியில் கொலுவிருந்தேன். வலது காது நொடியில் முடிந்தது. வாயில் சர்க்கரையைத் திணித்தார்கள். ஆசாரி இடது காதைப் பிடித்து ஊசியை வைத்தார். அப்போது தூரத்தில் ரயில் ஊதியது. என் அடியில் இருந்த மடி சட்டென்று தூக்கிப் போட்டது.

ஆளாளுக்கு ஆசாரி மேல் பாய்ந்தார்கள். அப்பா போலீஸ் பார்வை பார்த்தார். பிள்ளை அசைந்துவிட்டது என்று ஆசாரி சொன்னார். நான் அசையவில்லை என்று அழுதேன். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. மாமா என் காதில் ரத்தம் துடைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கு வலித்ததற்காக மாமா அழுகிறார் என்று நினைத்து, அவர் எங்கள் மாமாதான், எங்கும் போய்விடவில்லை என்று தெம்பானேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

சில நாள் கழித்துத் தோட்டக்காரர் அந்தப் புறா ஜோடியைக் கூடையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மாமா அவற்றைப் பழைய கூட்டில் விட்டார். அவை இரண்டு நாள் தங்கிவிட்டு, குஞ்சு பொரித்த பங்களாவுக்கே பறந்துபோயின. மாமா சனிக்கிழமை சைக்கிளை எடுத்தார். பாதிரியார் இல்லாத பங்களாவில் என்ன பயம் என்று அம்மா தடுக்கவில்லை. மாமா பிடித்து வருவார், அவை போய்விடும், அவர் திரும்பவும் போவார்.

நானும் கம்பியில் தொற்றிக்கொண்டு போனேன். பங்களா பூட்டிக் கிடந்தது. நாற்காலிகள் இல்லை. நாங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, கடையில் வாங்கிப்போன பொரிகடலையைப் பிரிப்போம். புறாக்கள் தலைக்கு மேலே இருக்கும். மாமா அவற்றை ஏறிட்டும் பார்க்க மாட்டார்.

“எறக்கையக் கட்டிப் போட்டா இங்கன வராதுல்ல மாமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கட்ட வேண்டாம்னு அவிய சொல்லிருக்காவள்ல.”

“அவியதான் ஊருக்குப் போயிட்டாவள்ல?”

மாமா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இந்தத் தடவை நான் மூடவில்லை, நன்றாகப் பார்த்தேன். சைக்கிள் மிதித்த களைப்பு போலிருக்கிறது என்று நினைத்து, அவர் விழிப்பதற்குள் கடலையைத் தின்ன ஆரம்பித்தேன்.

மாமன் கண்ணை மூடினானா என்று அம்மா அதன்பிறகு கேட்கவில்லை. பங்களாவில் யாராவது இருந்தார்களா என்று மட்டும் கேட்பாள். யாருமே இல்லை என்று நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னேன்.