பெயர்த்தெடுத்த வேகத்தடை

வேகத்தடையைப் பெயர்த்துவிட்டுத் திரும்பப் போடாமல் போன நீங்கள்தான் என் மனைவியைக் கொன்றீர்கள். எங்கள் ஊர் வாசலில் கார் பந்தயம் நடத்தியவர்களைச் சொல்கிறேன்.

அந்தச் சாலை எங்கள் கழனி வழியாகத்தான் வந்தது. ஒரகடத்துக் கம்பெனிகளுக்காகப் போட்டார்கள். வளைவே இல்லாத சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி குறைந்ததும், இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருந்த தெற்கத்திப் பசங்கள் பைக் பந்தயம் விட்டார்கள். எங்கள் ஊர்ப் பசங்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவனுக்குக் கால் போனது. ஊரே சாலையில் உட்கார்ந்தோம். அப்படி வாங்கியதுதான் அந்த வேகத்தடை.

எங்கள் ஊருக்குக் கம்பெனி பஸ் ஸ்டாப் கிடையாது. ஆனால் தடை வந்த பிறகு பஸ்கள் அங்கே மெதுவாகும். டிரைவர்கள் கதவைத் திறந்து ஏற்றிக்கொள்வார்கள். காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்த என் மனைவி, எதிர்ப்பக்கமிருந்து சாலையைக் கடந்து அங்கேதான் ஏறுவாள்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். பைக் பசங்களைப் போலீஸ் விரட்டிய அதே சாலையை, பக்கத்துச் சாலைகளோடு வளைத்துச் சேர்த்து, ரேஸ் டிராக் என்றீர்கள். ஜேசிபி வந்து தடையைப் பெயர்த்தது. கழுத்தில் அட்டை மாட்டியிருந்த உங்கள் ஆளிடம் கேட்டேன்.

“அண்ணே, இந்தக் காருங்க தரையோட ஒட்டிப் போறது. மேடு இருந்தா அடி வாங்கிடும். ரேஸ் முடிஞ்ச கையோட போட்டுத் தரோம்.”

“போடலன்னா?”

“இன்னாண்ணே, நம்ப மாட்டியா?”

பந்தயத்தை எங்கள் மொட்டைமாடியில் நின்று பார்த்தோம். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“யோவ், எங்க பஸ்ஸும் இப்டி போனா சூப்பர்வைசர் வாயே தொறக்க மாட்டான்யா.”

“இந்த ஸ்பீடுல நீ எப்டி ஏறுவ?”

“நீ என்னத் தூக்கி உள்ள போடு.”

மறு வருஷம் பந்தயம் வேறு ஊருக்குப் போய்விட்டது. இங்கே பந்தயம் முடிந்ததுமே டயர் அடுக்கு, தடுப்பு, விளம்பரப் பலகை எல்லாவற்றையும் ஞாபகமாக ஏற்றிக்கொண்டு போனீர்கள். தடையை மட்டும் மறந்தீர்கள்.

பஸ் டிரைவர்கள் பழைய பழக்கத்தில் அங்கேயே மெதுவாக்கினார்கள். எங்கள் ஆட்களும் அங்கேயே கடந்தார்கள். பின்னால் வருகிற லாரிக்கு அது எப்படித் தெரியும்? அன்று காலையும் பஸ் மெதுவானது. அவள் சாப்பாட்டுப் பையோடு குறுக்கே வந்தாள். பின்னால் வந்த லாரி பஸ்ஸை முந்தியது. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸிலிருந்த பெண்கள் தங்கள் துப்பட்டாக்களால் அவளை மூடியிருந்தார்கள்.

அந்த பஸ் இன்னும் தினம் காலையில் அங்கே மெதுவாகிறது. கதவு திறந்து மூடும் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. நான் எழுந்து நிற்கிறேன். எதற்கு என்று தெரியாமல் திரும்ப உட்காருகிறேன்.

லாரி டிரைவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்கிறேன். அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். ஊர் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: அந்தத் தடையைத் திரும்பப் போட வேண்டாம் என்று முடிவெடுத்தவர் யார்?